நான்காவது இயந்திரம்

எங்கள் பெரியும்மா வீட்டுப் பின் விறாந்தையில் மூன்று அரைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. முதலாவது, புத்தளத்திலிருந்து தண்ணீரூற்றுக்கு மீளக் குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. இரண்டாவது, சில வருடங்கள் கழித்து வேறொரு திட்டத்தில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியலில் பெயர் இருந்ததால் வந்தது. மூன்றாவதை ஊரில் ஸகாத் நிதியிலிருந்து கொடுத்தார்கள். மூன்று தடவையும் படம் எடுத்தார்கள். இன்று ஓடுவது ஒன்றுதான். மற்ற இரண்டையும் துணியால் மூடி, அவற்றின் மேல் மிளகாய் காயப்போடும் சுளகுகளை அடுக்கி வைத்திருக்கிறார் பெரியும்மா.

சென்ற வருடம் வவுனியாவிலுள்ள ஒரு சுப்பர் மார்க்கட்டிலிருந்து அவரைத் தேடி ஆள் வந்தார். வறுத்த கறித்தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தார். 200 கிராம் பக்கற் வாரத்துக்கு 600 தர முடியுமா என்று கேட்டார். பெரியும்மா அப்போது வாரத்துக்கு 60 பக்கற் விற்றுக்கொண்டிருந்தார். கேட்டது பத்து மடங்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டினோம். நானும்தான். பிறகு உயர்தர வணிகக் கல்விப் பாடத்துக்காகக் கணக்குப் பார்க்கப் பழகியபோது, அவர் சொன்னது சரி என்று விளங்கியது.

கணக்கு இதுதான். ஒரு பக்கற்றுக்கு மிளகாய், மல்லி, உறை, கூலி எல்லாம் சேர்த்து 240 ரூபா செலவு. கடை கொடுப்பது 300 ரூபா. 600 பக்கற்றுக்கு வாரத்துக்கு 36,000 ரூபா இலாபம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் கடை காசு கொடுப்பது சரக்கு வாங்கி 45 நாட்களுக்குப் பிறகு. அதாவது முதல் காசோலை கைக்கு வருமுன் ஆறு வாரத்துச் சரக்கைச் செய்து அனுப்பியிருக்க வேண்டும். 600 தர 240 தர 6. மொத்தம் 864,000 ரூபா. இலாபம் தரும் வியாபாரம்தான். ஆனால் அந்த இலாபத்தைத் தொடுவதற்கு முன் எட்டரை இலட்சத்துக்கு மேல் பணத்தை வெளியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைத்தான் தொழிற்படு மூலதனம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பெரியும்மா அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. "எனக்கு மெஷின் வேணாம் மகள், சாமான் வாங்கக் காசுதான் வேணும்" என்றார். அது அதே வரைவிலக்கணம்தான்.

காசு மட்டுமல்ல. கடையின் கணினியில் பொருளைப் பதிய பார்கோட் வேண்டும். (நம் நாட்டில் பதிவு பெற்ற பொருள்களின் பார்கோட் 479 என்று தொடங்கும். வீட்டிலுள்ள பக்கற்றுகளைத் திருப்பிப் பாருங்கள்.) முறையான விவரச்சீட்டு வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி வேண்டும். ஆய்வுகூடப் பரிசோதனை, ஹலால் சான்றிதழ் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் நியாயமான கேள்விகள். சாப்பிடும் பொருள் அல்லவா. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு கட்டணம், ஒரு பஸ் பயணம். 60 பக்கற் விற்பவருக்கு இவற்றில் எதுவும் தேவைப்பட்டதில்லை. 600 என்றதும் எல்லாம் ஒரே நாளில் தேவைப்பட்டன.

உதவிகள் எட்டாத ஊர் அல்ல எங்களூர். கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969 இலிருந்து இருக்கிறது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979 இல் வந்தது. தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபையை 2006 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியது. பிரதேச செயலகங்களோடு விதாதா வள நிலையங்கள் இயங்குகின்றன. 2018 இல் 'என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா' என்ற பெரிய கடன் திட்டம் தொடங்கியது. வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்றது. அதன் கண்காட்சி 2019 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. இவற்றையெல்லாம் பரீட்சைக்காக மனனம் செய்யும்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கே பார்த்தாலும் தொடங்குவதற்கான உதவி. பயிற்சிப் பட்டறை, உபகரணம், ஆரம்பக் கடன். தொடங்கி ஏழு வருடமாகி, வாசலில் பெரிய ஓடர் வந்து நிற்கும் நாளில் யாரிடம் போவது? அதற்கான விடை மனனம் செய்தவற்றில் தெளிவாக இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் அப் என்றதும் நாம் கணினியும் கைபேசிச் செயலியும் என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அதைப் 'புத்தொழில்' என்கிறார்கள். பொருள் எதுவாகவும் இருக்கலாம், கறித்தூளாகவும் இருக்கலாம். புதிதாகத் தொடங்கி, பெருக்கக்கூடிய ஒரு வழியைத் தேடிக்கொண்டிருப்பதுதான் அதன் அடையாளம். எங்கள் தெருமுனைக் கடை நானா முப்பது வருடமாக அதே அளவில் கடை நடத்துகிறார். அவருக்கு வளர விருப்பமில்லை, அதில் குறையும் இல்லை. எல்லாத் தொழிலும் வளர வேண்டியதில்லை. வளரக்கூடிய சில உண்டு. கேள்வி அந்தச் சிலவற்றைப் பற்றியது.

டேவிட் பேர்ச் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கம்பனிகளை மூன்று விலங்குகளாகப் பிரித்தார். யானைகள் பெரிய கம்பனிகள், அசைவது மெதுவாக. எலிகள் பெட்டிக்கடைகள், எண்ணிக்கை அதிகம், வளர்வதில்லை. மூன்றாவது மான், சிறியதாகத் தொடங்கிப் பாய்ந்து வளர்வது. புதிய வேலைகளில் பெரும்பகுதியை இந்த மான்களே தருகின்றன என்பது அவர் வாதம். பிரித்தானியாவில் நெஸ்ரா என்ற அமைப்பு 2009 இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் பேசியது. 2002 முதல் 2008 வரை அங்கே ஏற்கெனவே இயங்கிய தொழில்கள் உருவாக்கிய புதிய வேலைகளில் பாதியை, மிக வேகமாக வளர்ந்த 6 வீதமான கம்பனிகளே கொடுத்திருந்தன.

வேகம் என்றால் எவ்வளவு? ஓஈசிடி என்ற நாடுகளின் அமைப்பு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. குறைந்தது 10 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், தொடர்ந்து மூன்று வருடம், சராசரியாக வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல் வளர்ந்தால் அது உயர் வளர்ச்சி நிறுவனம். கணக்குப் போட்டேன். 10 பேர், மூன்று வருடத்தில் 18 பேர். அவ்வளவுதான்! நான் ஏதோ வானத்தைத் தொடும் கட்டடத்தைக் கற்பனை செய்திருந்தேன். தண்ணீரூற்றில் 18 பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஓர் இடம் வந்தால், உலகக் கணக்கில் அது உயர் வளர்ச்சி.

ஆனால் பெரியும்மாவிடம் வேலை செய்வது அவரோடு சேர்த்து மூன்று பேர். அந்த அளவுகோலின் முதல் படியிலேயே அவர் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலானோர் நிலை இதுதான். 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி, விவசாயம் அல்லாத துறைகளில் நாட்டில் சுமார் 10 இலட்சத்து 20 ஆயிரம் தொழில் நிலையங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 92 வீதம் நுண் தொழில்கள். சிறியவை 7 வீதம். நடுத்தரமானவை 1 வீதம். பெரியவை 0.2 வீதம், அந்த 0.2 வீதத்தில்தான் வேலை செய்வோரில் கால்வாசிப் பேர் இருந்தார்கள். எலிகள் நிறைய, யானைகள் சில. நடுவே மான்களைக் காணோம். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். கம்பனியின் வானவில், விடியல் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு வேலை கிடைத்தது. அது நல்லதே. ஆனால் அவை வெளியே வளர்ந்துவிட்டு இங்கே வந்தவை. இங்கே முளைத்து அப்படி வளர்ந்த ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் வளரவில்லை? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். பெரியும்மா அதிகாலை மூன்றரைக்கு எழுந்து வறுக்கத் தொடங்குபவர். ஆகவே அந்தப் பதிலை விட்டுவிடுகிறேன். வளர்வதற்குக் கொடுக்கப்படும் உதவி ஏறக்குறைய எப்போதும் கடனாகவே வருகிறது என்பதுதான் நான் கண்ட காரணம். எங்கள் பக்கத்தில் கடன் மூன்று இடங்களில் தடக்குகிறது.

முதலாவது காணி. வங்கி பெரிய தொகைக்குப் பிணை கேட்கும். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் உறுதிக் காணிகள் அல்ல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள். அவற்றை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. இடம்பெயர்ந்தபோது பத்திரங்களையே தொலைத்தவர்கள் வேறு. கொழும்பில் ஒருவர் வீட்டை வைத்து ஒரு வாரத்தில் எடுக்கும் கடனுக்கு, அதைவிடப் பெரிய வளவு வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் விண்ணப்பமே போட முடிவதில்லை. பிணை இல்லாதவருக்காக அரசும் வங்கிகளும் சேர்ந்து தேசிய கடன் உத்தரவாத நிறுவனத்தை அண்மையில் தொடங்கியிருக்கின்றன. இந்தத் தடையை அது கொஞ்சம் குறைக்கலாம்.

இரண்டாவது பயம். பிணை கேட்காத கடனும் ஊருக்குள் வந்தது. நுண்கடன் என்று வீடு வீடாக வந்தது. வாரந்தோறும் வசூல். அது எப்படி முடிந்தது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசே தலையிட்டுத் தீர்க்க வேண்டிய நிலை 2018 இல் வந்தது. இதைப் பார்த்த ஒரு தாய், 'வளர்ச்சிக் கடன்' என்ற துண்டுப்பிரசுரத்தை வாசிக்காமலே மடித்து வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வட்டி. இதை எங்கள் சஞ்சிகையில் நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. சலுகை வட்டி என்றாலும் வட்டி வட்டிதான் என்று ஒதுங்கும் குடும்பங்கள் எங்களிடம் நிறைய. பெரியும்மாவும் அப்படித்தான். இதனால் அரசு உதவியின் பெரிய பகுதி, எந்தச் சட்டமும் தடுக்காமலே, எங்கள் பெண்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

கடன் இல்லாமல் எப்படி உதவுவது? இரண்டு விதமாக முடியும் என்பதற்கு உண்மையான உதாரணங்கள் உண்டு. ஒன்று எங்கள் பஸ் போகும் பாதையிலேயே இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து நெடுங்கேணி வழியாக வவுனியா போகும்போது பப்பாசித் தோட்டங்களைப் பார்க்கலாம். யுத்தம் முடிந்து மக்கள் வவுனியா வடக்குக்குத் திரும்பிய பிறகு, ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேச தொழில் தாபனம் 'லீட்' என்ற திட்டத்தை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடத்தியது. பணம் அவுஸ்திரேலிய அரசினுடையது. அந்த நாட்டு மக்கள் கட்டிய வரி. அவர்கள் எல்லோருக்கும் மண்வெட்டி கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகவில்லை. விளைச்சலை யார் வாங்குவார்கள் என்று முதலில் தேடினார்கள். கொழும்பிலுள்ள ஓர் ஏற்றுமதிக் கம்பனி 'ரெட் லேடி' வகைப் பப்பாசியை மத்திய கிழக்குக்கு அனுப்ப வாங்குவதற்கு முன்வந்தது. பிறகுதான் நடுகை. ரெட் லேடி தாய்வான் நாட்டுக் கலப்பினம். ஒரே அளவான, சிவந்த சதையுள்ள பழம் தரும். விதையைத் தோட்டத்திலேயே எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டும். தனி ஒரு விவசாயிக்கு இது பெரிய செலவு. ஆகவே வவுனியா வடக்குப் பழச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் எல்லோருக்குமாக நின்றது. விலை பேசியதும் சங்கம், பழத்தைச் சேர்த்ததும் சங்கம்.

இதில் எனக்குப் பிடித்தது பழமல்ல, வரிசை. முதலில் வாங்குபவர், அடுத்ததாக தரம், அதற்குப் பிறகு கூட்டாக நிற்கும் அமைப்பு, கடைசியில் கருவிகள். பெரியும்மாவுக்கு நடந்தது தலைகீழ்; கருவி மூன்று தடவை வந்தது, வாங்குபவர் தானாக வந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்னொன்று, அந்தத் திட்டம் ஒரு நிதியாண்டோடு கணக்கை மூடவில்லை. வருடக்கணக்கில் நின்றது, பிறகு அதன் அடுத்த கட்டமும் வந்தது. பப்பாசி மரமே காய்க்க எட்டு ஒன்பது மாதம் எடுக்கும். டிசம்பர் 31 க்குள் பணத்தைச் செலவழித்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்தோடு எதையும் வளர்க்க முடியாது.

வாங்குபவரை உறுதிசெய்து கொடுப்பது நம் அரசுக்குப் புதிதும் அல்ல. 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் 500 பேர், பெரும்பாலும் பெண்கள் வேலை செய்ய வேண்டும் என்பது இலக்கு. கிராமங்களுக்குப் போன முதலாளிகளுக்கு வரிச்சலுகையும், முக்கியமாக ஏற்றுமதிக் கோட்டாவும் கிடைத்தன. அக்காலத்தில் மேற்கு நாடுகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை உடை வாங்குவது என்று கோட்டா வைத்திருந்தன. கோட்டா கையில் இருந்தால் சந்தை கையில் இருந்த மாதிரி. வன்னியில் அப்போது யுத்தம். அந்தக் கதையில் எங்களுக்கு இடமில்லை. கோட்டா முறை 2004 முடிவோடு ஒழிந்தபோது, சந்தையை நம்பாமல் கோட்டாவை மட்டும் நம்பியிருந்த சிறிய தொழிற்சாலைகள் தடுமாறின. அதற்குள் தரத்தையும் அளவையும் வளர்த்துக்கொண்டவை நின்றுபிடித்தன. ஆகவே தாங்கிப் பிடிப்பதற்கும் வளர்ப்பதற்கும் இடைவெளி உண்டு. எங்கள் மூன்று இயந்திரங்களும் தாங்கிப் பிடித்தவை. அவற்றை நான் இகழவில்லை. முதலாவது இயந்திரம் இல்லாவிட்டால் அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

இரண்டாவது வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த மாநில அரசின் 'ஸ்டார்ட் அப் டிஎன்' அமைப்பு 'டான்சீட்' என்ற நிதியை நடத்துகிறது. தேர்வாகும் புத்தொழிலுக்கு 10 இலட்சம் இந்திய ரூபா. பெண்கள் தலைமையிலான தொழில்கள் போன்ற சிலவற்றுக்கு 15 இலட்சம் வரை. இது கடனல்ல, மாதத் தவணை இல்லை, வட்டி இல்லை. பதிலுக்கு அரசு அந்தக் கம்பனியில் 3 வீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. கம்பனி வளர்ந்தால் அரசின் பங்கும் பெறுமதி கூடும். விழுந்தால் அரசின் பணமும் சேர்ந்து போகும்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. இஸ்லாம் பாடத்தில் படித்ததுதான். கதீஜா நாயகி (ரழி) அவர்கள் தமது முதலைக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களை, அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், ஷாம் தேசத்துக்கு வியாபாரத்துக்கு அனுப்பினார்கள். ஒருவர் முதலிட, மற்றவர் உழைத்து, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பதை முழாரபா என்கிறோம். உழைத்தவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால், முதலின் நட்டம் முதலிட்டவருக்கு. உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். இருவரும் முதல் போட்டால் அது முஷாரகா. சென்னையில் இருக்கும் ஓர் அரச அலுவலகம் இந்தச் சொற்களை நினைத்துச் செய்திருக்காது. ஆனாலும் பங்கு எடுத்து ஆபத்தைப் பகிர்வது என்ற அடிப்படை ஒன்றுதான்.

பெரியும்மாவின் கணக்கை இதில் போட்டுப் பார்த்தேன். ஒரு பொது நிதியம் ஆறு வாரத்துச் சரக்குக்கான 864,000 ரூபாவைப் போடுகிறது. ஆறு வார இலாபம் 216,000. நிதியத்துக்கு இலாபத்தில் கால் பங்கு என்று பேசினால் 54,000 அதற்கு, 162,000 பெரியும்மாவுக்கு. கடை காசு கொடுத்ததும் முதல் திரும்புகிறது. அதே முதல் அடுத்த ஆறு வாரத்துக்கு, அல்லது அடுத்த ஊரிலுள்ள இன்னொருவருக்குப் போகிறது. ஒரு இயந்திரத்தைக் கொடுத்தால் அது ஒரே வீட்டில் நின்றுவிடும். இந்தக் காசு சுற்றிக்கொண்டே இருக்கும். அமானா வங்கி 2011 இல் வணிக நடவடிக்கைகளைத் தொடங்கிய பிறகு இம்மாதிரியான சொற்கள் நம் நாட்டு வங்கித்துறைக்குப் புதியனவும் அல்ல. ஆனால் எந்த வங்கியும் மற்றவர்களின் வைப்புப் பணத்தைக் காப்பது. தண்ணீரூற்றுக் கறித்தூளில் முதல் நட்டத்தை ஏற்கும் துணிவை வங்கியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த முதல் ஆபத்தை ஏற்கத்தான் பொதுப் பணம்.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தி என்னை மடக்கினாள். "ஊரில் ஐம்பது பெண்கள் கஷ்டப்படும்போது, ஏற்கெனவே ஓடர் கிடைத்த ஒருவருக்கு எட்டரை இலட்சமா? இருப்பவனுக்கே கொடுப்பதா?" நல்ல கேள்வி. இரண்டு நாள் பதில் வரவில்லை எனக்கு. ஐம்பது பேருக்கும் 17,000 ரூபா வீதம் பிரித்துக் கொடுக்கலாம். அது தானம், அதற்கும் தேவை உண்டு. பசிக்கு வளர்ச்சிக் கதை சொல்ல முடியாது. ஆனால் 600 பக்கற் செய்ய பெரியும்மாவுக்கு இன்னும் எட்டுப் பேராவது வேண்டும். அந்த எட்டுப் பேர் அந்த ஐம்பதிலிருந்துதான் வருவார்கள். இரண்டையும் ஒரே பணப்பெட்டியிலிருந்து, ஒரே பட்டியலை வைத்துச் செய்யப் போவதுதான் பிழை என்று இப்போது நினைக்கிறேன். தேவைப் பட்டியல் வேறு, வளர்ச்சிப் பட்டியல் வேறு.

தோழியின் இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. யார் தெரிவு செய்வது? தெரிந்தவர், கட்சிக்காரர், படத்தில் நன்றாகச் சிரிப்பவர் என்று போய்விடாதா? போகும். அதனால்தான் அதிகாரியின் விருப்பத்தைவிட, வாங்குபவரின் கையெழுத்திட்ட ஓடரை அளவுகோலாக வைக்கலாம் என்று எனக்குப் படுகிறது. தன் காசை வைத்து வாங்கப் போகிறவர் முகத்துக்காக வாங்கமாட்டார். அப்படியிருந்தும் சில தோற்கும். தோற்றதெல்லாம் ஊழல் என்று கணக்காய்வில் எழுதப்பட்டால் எந்த உத்தியோகத்தரும் துணியமாட்டார். பாதுகாப்பாக இன்னொரு இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். இயந்திரம் தோற்காது. துணியின் கீழே அமைதியாக இருக்கும்.

வளரும் நேரத்தில் பக்கத்தில் நில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியாவிலிருந்து ஒரு கதை. 'கிராப்' என்ற வாடகைக் கார்ச் செயலி 2012 இல் கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற பெயரில் தொடங்கியது. 2014 இல் சிங்கப்பூர் அரச முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கைச் சேர்ந்த வெர்டெக்ஸ் அதில் முதலிட்டது. அதே வருடம் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. 2021 இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது உலகம் அதைச் சிங்கப்பூர்க் கம்பனி என்றே அழைத்தது. பிறந்த ஊர் ஒன்று, வளர்த்த ஊர் வேறு. நம் நாட்டில் ஜிப்ரி சுல்பர் தொடங்கிய 'பிக்மீ' 2015 இல் ஓடத் தொடங்கியது. நாடுகள் பல சேர்ந்து உரிமை வைத்திருக்கும் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் இடையில் அதில் முதலிட்டது. 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. அதுவும் கடன் கதையல்ல, பங்குக் கதை. மகளுக்கு ஆசிரியை வேலை அல்லது அரச உத்தியோகம் தவிர வேறொன்றையும் நினைக்காத பெற்றோர் இதை வாசித்தால், அந்தக் கம்பனியைத் தொடங்கியவர் பெயரை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

கைபேசிச் செயலி ஓட்ட ரோட்டு வேண்டாம். கறித்தூளுக்கு வேண்டும், ஆய்வுகூடமும் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் அங்கே ஊர் உற்பத்தியாளர்களின் தூளையும் பழச்சாறையும் பரிசோதித்து, விவரச்சீட்டு எழுதிக் கொடுத்தால், அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. இதுவும் பொது உதவிதான், காசாக இல்லாவிட்டாலும்.

இந்தக் கட்டுரைக்காக ஓர் அலுவலகத்தில் உதவி விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கிப் பார்த்தேன். தொடங்க விரும்பும் தொழில், தேவையான உபகரணம், குடும்ப வருமானம் என்று கட்டங்கள். தற்போதைய விற்பனை, கையிலுள்ள ஓடர் என்று ஒரு கட்டமும் இல்லை. மேலே 'பயனாளியின் பெயர்' என்று இருந்தது. பயனாளி என்பவர் பெறுபவர். கதீஜா நாயகியின் வியாபாரக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அங்கே இருந்தவர்கள் பங்காளிகள்.

பெரியும்மா சும்மா இருக்கவில்லை. அதே தெருவில் நான்கு பெண்களைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மிளகாய் மொத்தமாக வாங்குகிறார்கள். முள்ளியவளையில் ஒரு கடையும் வவுனியாவில் ஒரு சிறிய கடையும் கைக்காசுக்கு எடுக்கின்றன. இப்போது வாரத்துக்கு 150 பக்கற். இரண்டாவது இயந்திரத்தின் துணியை எடுத்துவிட்டார்கள். சுப்பர் மார்க்கட் ஆள் கொடுத்துவிட்டுப் போன அட்டை இன்னும் கலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது. கட்டுரையை வாசித்துக் காட்டியபோது பெரியும்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் கால் பங்கைப் பேசிக் கொஞ்சம் குறைக்கலாமா?"